சிலுப்பாமல் நின்ற கிடா

போன வருஷக் கோயில் கொடை அன்றைக்கு அங்கே நின்றவர்கள் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன் ஐயா. பிற்பாடு ஒருவரும் நான் அங்கே இல்லை, நான் பார்க்கவில்லை என்று நழுவக் கூடாது. நீ நின்றாய், கிடாயின் கயிறு உன் கையில் இருந்தது. உன் பெண்டாட்டி கவிதா குடையைத் தன் தலைக்குப் பிடிக்காமல் உன் மகள் நிலாவின் தலைக்குப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிலா என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாமி வந்து, கச்சை கட்டி, வல்லய ஈட்டியை ஊன்றிக்கொண்டு உன் அப்பா நின்றார். அவருடைய தம்பி, உன் வேலு சித்தப்பா, இடுப்பில் துண்டும் கையில் தண்ணீர் பாட்டிலுமாக நின்றார். அரிவாளோடு பரமசிவம் நின்றார். பண்பொழியிலிருந்து வந்த சமையல்காரர் அடுப்படியை விட்டு வந்து எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். மற்ற சனமெல்லாம் சாரலுக்கு ஒதுங்கித் தகரக் கொட்டகைக்குள் இருந்தது, அவர்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை. நான் நின்றேன். கிடா நின்றது. அதையும் நின்றவர்களில் ஒன்றாகத்தான் எழுதுகிறேன், கோயிலில் இருந்த சாமான்களில் ஒன்றாக எழுதவில்லை.

போன வாரம் நீ போனில் பேசியது ஒரு சொல் குறையாமல் எனக்கு நினைவிருக்கிறது. "எம்மா, சித்தப்பா ஒன் கால்ல விழக்கூட தயாரா இருக்காரு. ஒரு ஆட்டுக்காக மனுசன்ட்ட ஒரு வருசமா மொகத்த திருப்பிக்கிட்டு இருக்கியே, இது ஒனக்கே நல்லாருக்கா? ஆட்டுக்கு என்னம்மா தெரியும்? நியாயமா, அநியாயமா, அதுக்கு என்ன தெரியும்?" என்றாய். "நீ அவர மன்னிச்சாத்தான் நிலாவுக்குக் காதுகுத்து நம்ம ஊருல. இல்லன்னா இங்கன கேம்ப்புக்குப் பக்கத்துலயே ஒரு கோயில்ல வச்சு முடிச்சிருதேன்" என்றாய். கடைசியாக, "வடகரைல ஒரு குட்டி சொல்லி வச்சிருக்கேன். கொண்டாந்து எறக்குவாவ. காதுகுத்துக்கு ஆவும், வளத்துப் போடு" என்று சொல்லிவிட்டு வைத்தாய். அப்போது உன் அப்பா பக்கத்து நாற்காலியில் இருந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழும்படி இதைப் பேச எனக்கு இஷ்டமில்லை. ஆகவே எழுதுகிறேன். நான் படித்தது கொஞ்சம். உன் அளவுக்கு எனக்கு வரிசையாகச் சொல்ல வராது. பொறுத்துப் படி.

அந்தக் கிடாயை நேர்ந்தவள் நான்தான், முதலில் அதை மறந்துவிடாதே. மலைப் பாதையில் உங்கள் பட்டாள லாரி கவிழ்ந்தது என்று போன் வந்த அன்று, குளித்த தலையைக்கூடத் துவட்டாமல் மேலகரத்திலிருந்து கோயிலுக்கு ஓடினேன். பூட்டியிருந்த கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எம் பிள்ளைய முழுசா குடு, ஒனக்கு ஒரு கெடா தாரேன்" என்று கத்தினேன். உன்னோடு அந்த லாரியில் வந்தவர்களில் சிலர் வீட்டுக்கு வரவில்லை. நீ காலில் ஒரு கம்பியோடு வந்தாய். ஆகையால் அந்த நேர்ச்சை தீர வேண்டும் என்று என்னைவிட ஆசைப்பட்டவர் அந்த இடத்தில் ஒருவரும் கிடையாது. கிடா செத்தால்தான் உன் உயிர் எனக்கு மிச்சம் என்று நம்பினவள் நான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

குட்டியாக வாங்கி வந்து பாட்டிலில் பால் கொடுத்து வளர்த்தேன். பேர் வைக்கவில்லை. பேர் வைத்தால் கொடுக்க மனம் வராது என்று எனக்குத் தெரியும். கிடா என்றுதான் கூப்பிடுவோம், அதற்கும் அதுவே பேராகிப் போயிற்று. நேர்ந்துவிட்ட ஆடு என்று தெருவில் ஒருவரும் அடிக்க மாட்டார்கள், அந்தக் கொழுப்பு அதற்கு நன்றாக ஏறியிருந்தது. டீக்கடைக்குப் போய் வாழைப்பழத் தோல் தின்னும். வேலு சித்தப்பா பைக்குக்குக் காற்று இருக்கிறதா என்று குனிந்தபோது பின்னாலிருந்து ஒரு முட்டு முட்டி ஓடையில் தள்ளியது. சட்டையெல்லாம் சேறாக வந்து நின்றார். "மைனி, ஒங்க கெடாவுக்கு என்னையக் கண்டாலே ஆவ மாட்டக்கு." "நீரு அத கண்டவொடன, ஏ கறிக்கொழம்பு, வாலேன்னு கூப்பிட்டா அது கொஞ்சுமா?" என்றேன். "ஆமா, அதுக்குத் தமிழு தெரியும் பாரு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அவர் அதைக் கறிக்குழம்பு என்று கூப்பிடவில்லை. அது மட்டும் அவரைக் கண்டால் முட்டுவதை விடவில்லை.

பக்கத்து வீட்டில் தாய் செத்துப்போன இரண்டு குட்டிகள் இருந்ததே, உனக்கு நினைவிருக்கும், கவிதா படம் எடுத்துக்கூட அனுப்பினாள். அவை நம் வீட்டுக் கழுநீர்த் தொட்டிக்கு வரும். கிடா வாய் வைக்காமல் ஓரமாக நிற்கும். குட்டிகள் குடித்துவிட்டு நகர்ந்த பிறகுதான் அது குனியும். வயிறு நிறைந்திருக்கிறது, அதனால்தான் நிற்கிறது என்று நினைத்து, ஒரு நாள் அதைக் கட்டிப்போட்டுப் பட்டினி போட்டேன். சாயங்காலம் அவிழ்த்துவிட்டுப் பார்த்தேன். அப்போதும் நின்றது. வாயில் எச்சில் ஒழுகிக்கொண்டு நின்றது. ஏன் நின்றது? எனக்குத் தெரியாது. இரக்கம் என்று சொல்லி அதைத் தூக்கி வைக்கவும் எனக்கு மனமில்லை. இதே கிடாதான் நான் காயப் போட்ட வடகத்தைத் தின்றுவிட்டு முன்வாசல் வழியாக வராமல், பின்பக்கச் சந்து வழியாக, சுவரை ஒட்டி வரும். திருடினவன் நடை அது. நீ சின்னப் பிள்ளையில் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு வந்த நடையும் அதுதான். பயம்தான் அது, நியாயம் தெரிந்ததால் அல்ல என்று நீ சொல்லுவாய். சரி. உனக்கு மட்டும் அன்றைக்கு வந்தது எது?

ஆட்டுக்கு என்ன தெரியும் என்கிறாயே, ஐந்தருவியில் நீ வாங்கின அறையை மறந்துவிட்டாயா? நிலா பிறந்த மறு வருஷம் சீசனுக்குப் போயிருந்தோம். குளித்துவிட்டு ஈரத்தோடு வந்து உட்கார்ந்தபோது ஒரு குரங்கு கவிதாவின் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. பழக்கடைக்காரர், "சார், கூப்பாடு போடாதிய. ஒரு பன்ன நீட்டிக்கிட்டு இன்னொரு கைய விரிச்சுக் காட்டுங்க, தந்துரும்" என்றார். நீ நீட்டினாய். அது இறங்கி வந்து கண்ணாடியை உன் கையில் வைத்தது. ஒரு கீறல் இல்லை. நீ என்ன செய்தாய்? கண்ணாடியை வாங்கிக்கொண்டு பன்னைப் பின்னால் இழுத்து நிலாவின் வாயில் வைத்தாய். சாமர்த்தியம் செய்ததுபோல எங்களைப் பார்த்துச் சிரித்தாய். குரங்கு பன்னைப் பிடுங்க வரவில்லை. சும்மா உட்கார்ந்து உன்னைப் பார்த்தது. நீ செருப்புப் போடக் குனிந்தபோது வந்து கன்னத்தில் பளீரென்று ஒரு அறை. கடிக்கவில்லை, கீறவில்லை, பிள்ளையின் பக்கம் திரும்பக்கூட இல்லை. அறைந்துவிட்டுப் போய்விட்டது. கவிதா சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டாள். "அத்த, அதுக்கு ஞாயம் தெரிஞ்சிருக்கு, ஒங்க மவனுக்குத்தான் தெரியல" என்றாள். நீ அதை உன் கூட்டாளிகளிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாய். எனக்கு அன்றைக்கே சிரிப்பு வரவில்லை. கொடுத்த வாக்கு என்று ஒன்று இருக்கிறது, அதை நீ மீறினாய் என்று அதற்குத் தெரிந்திருந்தது. பசிக்கு அறைந்திருந்தால் பன்னை எடுத்துக்கொண்டு போயிருக்கும்.

அதற்காகக் குரங்குகளெல்லாம் தர்மவான்கள் என்று நான் சொல்லவில்லை. அதே கூட்டத்தில் பெரிய ஆண் கடுவன் ஒன்று ஒரு தாயிடமிருந்து குட்டியைப் பறித்துக் கடித்துப் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். செத்த குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தத் தாய் அருவிக்கரையில் அலைந்தது. அதைப் பார்த்தவர்கள், "என்ன செய்ய, மிருகம்லா" என்று சொல்லிவிட்டுப் பஜ்ஜி வாங்கப் போனார்கள். நான் அந்தக் கடுவனைப் பாவி என்றுதான் திட்டினேன். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். ஒன்றைப் பாவி என்று திட்ட எனக்கு வாய் வருகிறது என்றால், இன்னொன்றை நல்லது என்று சொல்லவும் வாய் வர வேண்டும் அல்லவா? நம் ஆட்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நாய் கடித்தால் குற்றவாளியைப்போல அடித்துக் கொல்வார்கள். அதே நாய் ராத்திரியெல்லாம் வாசலில் காவல் கிடந்தால், அது அதன் குணம் என்பார்கள். கெட்டது செய்தால் தெரிந்து செய்ததாம், நல்லது செய்தால் தெரியாமல் செய்ததாம். இது எந்த ஊர் நியாயம்?

நீ கைப்பிள்ளையாக இருந்தபோது நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். எனக்கு மார்பில் பால் வற்றிவிட்டது. வீட்டில் ஒரு செவலைப் பசு ஈன்றிருந்தது, அதன் கன்று செத்துப்போயிற்று. கன்று முகம் பார்க்காமல் பசு பால் விடாது. உன் அப்பா அந்தக் கன்றின் தோலை உரித்து, உள்ளே வைக்கோலை அடைத்து, கோணி ஊசியால் தைத்துப் பசுவின் முன்னால் நிறுத்தினார். அந்தக் காலத்தில் எல்லார் வீட்டிலும் செய்கிறதுதான். பசு அதை நக்கியது. பால் விட்டது. அந்தப் பாலில்தான் நீ வளர்ந்தாய். ஒரு சாரல் நாளில் தொழுவத்துக்குள் தண்ணீர் வந்து, தோல் ஊறி, தையல் பிரிந்து, வைக்கோல் வெளியே வந்துவிட்டது. நான் செம்போடு போனபோது பசு அந்த வைக்கோலைத் தின்றுகொண்டிருந்தது. தன் கன்றின் வயிற்றுக்குள்ளிருந்து இழுத்து இழுத்துத் தின்றது. தின்று முடித்துவிட்டு அந்தத் தோலை நக்கியது. மடியில் கை வைத்தேன். பால் விட்டது. அப்படியானால் அதற்குத் தெரியுமா, தெரியாதா? ஏமாந்துதான் இத்தனை நாள் பால் தந்ததா, தெரிந்தே போகட்டும் என்று தந்ததா? இத்தனை வருஷமாக எனக்கு விளங்கவில்லை. ஒன்று மட்டும் விளங்கியது. கல்லை யாராலும் ஏமாற்ற முடியாது. நம்புகிற ஒன்றைத்தான் ஏமாற்ற முடியும். ஏமாற்றுகிற அளவுக்கு அதை நாம் மதித்திருக்கிறோம், அதை ஒப்புக்கொள்ளத்தான் நமக்கு மனமில்லை.

இனி கொடை நாளுக்கு வருகிறேன். நம் கோயில் வழக்கம் உனக்குத் தெரியும், ஆனாலும் நீ அதை யோசித்துப் பார்த்திருக்க மாட்டாய். கிடாயைக் கொண்டுபோய் நிறுத்தி, மாலை போட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்து, உத்தரவு கேட்போம். அது உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சம்மதம். சிலுப்பாவிட்டால் எங்கேயோ குறை என்று மன்னிப்புக் கேட்டு மறுபடி தெளிப்போம். அப்படியும் சிலுப்பாவிட்டால் அவிழ்த்துவிட வேண்டும். என் மாமியார் காலத்தில் ஒன்றை அப்படி அவிழ்த்துவிட்டு, அது கிழடாகித் தானாகச் செத்ததாம், அவர்களே என்னிடம் சொன்னார்கள். இதை யார் ஏற்படுத்தினார்களோ, அவர்களுக்கு ஆட்டுக்கு ஒன்றும் தெரியாது என்கிற எண்ணம் இல்லை. ஒன்றும் தெரியாததிடம் எவனாவது போய் உத்தரவு கேட்பானா? அரிவாளிடம் கேட்கிறோமா, வெட்டட்டுமா என்று?

அன்றைக்குத் தெளித்தோம். சிலுப்பவில்லை. பரமசிவம் தெளித்தார், வேலு தெளித்தார், நீ தெளித்தாய். மலையிலிருந்து சாரல் இறங்கி அதன் முதுகெல்லாம் நனைந்து, மயிர் ஒட்டி, வயிற்றிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்தது. ஆடு வளர்த்தவள் சொல்கிறேன், மழைத் தண்ணீர் மேலே பட்டால் ஆடு ஒரு நொடி பொறுக்காது, உதறிக்கொண்டு ஓடும். அது உதறவில்லை. காலை ஊன்றி நின்றது. கவிதா பயந்துபோய், "சாமி, நாங்க ஏதும் கொற வச்சிருந்தா மன்னிச்சிரும்" என்று குழந்தையோடு விழுந்து கும்பிட்டாள். சமையல்காரர், "அண்ணாச்சி, ஒல கொதிச்சு வத்திக்கிட்டு வருது. கறி எப்ப வரும்?" என்று கேட்டார். "பொறும்வே, ஆடு இன்னும் கையெழுத்துப் போடல" என்று வேலு சொன்னார். நீகூடச் சிரித்தாய். மறுபடி தெளித்தீர்கள். அது நின்றது.

அப்போதுதான் நான் வாய் திறந்தேன். "போதும், அவுத்து விடுங்க. அது மாட்டேங்குது" என்றேன். உன் உயிருக்காக நேர்ந்த நானே சொன்னேன். உன் அப்பா மேல் நின்ற சாமி என் பக்கம் திரும்பியது. "ஏட்டி! யார்ட்ட எதுத்துப் பேசுதே? எம் பங்க எனக்குத் தர மாட்டியா? அப்ப ஒம் மவன் உசுர எடுத்துக்கிடட்டா?" என்று கத்தியது. நிலா அழுதாள். அதற்கு மேல் எந்தத் தாய் பேசுவாள்? நான் வாயை மூடிக்கொண்டேன், ஆனால் கண்ணை மூடவில்லை.

வேலு தன் அண்ணனைப் பார்த்தார். உன் அப்பா கண்ணைக் காட்டினார். கொஞ்சம்தான், இமை ஒரு தடவை தாழ்ந்து எழுந்தது. வேலு பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே போய், கிடாயின் தலையைத் துடைக்கிறதுபோலத் துண்டைப் போட்டு, துண்டுக்கு அடியில் அதன் காதுக்குள் தண்ணீரை ஊற்றினார். காதுக்குள் தண்ணீர் போனால் தலையை ஆட்டாத உயிர் ஏது? தலையை உதறியது. "உத்தரவு! உத்தரவு!" என்று சாமி ஆடியது. கொட்டகையில் இருந்த பொம்பளைகள் குலவை போட்டார்கள். பரமசிவம் கையை ஓங்கினார்.

எல்லா நாளும் வேலுவைக் கண்டால் முட்டுகிற கிடா, அன்றைக்கு அவர் அத்தனை பக்கத்தில் வந்து காதில் தண்ணீர் ஊற்றியும் முட்டவில்லை. அதுதான் ஐயா எனக்குப் பொறுக்கவில்லை. கயிறு தளர்வாகத்தான் இருந்தது, நீ நிலாவைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அது பயந்து உறைந்து நின்றதா? மாட்டேன் என்று சொல்லியாயிற்று, இனி நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நின்றதா? சாப்பிடும்போது இந்த யோசனை வந்தால் சோறு இறங்குவதில்லை. பயம்தான் என்று யாராவது எனக்கு நிச்சயமாகச் சொல்லிவிட்டால் நான் தூங்கிவிடுவேன்.

நான் கறி தின்கிறவள்தான். அதற்குப் பிறகும் தின்றிருக்கிறேன், உன்னிடம் சாமியார் வேஷம் போட மாட்டேன். கடையில் தொங்குகிற ஆட்டிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் கொல்கிறது ஒரு பாவம், அதைச் செய்துகொண்டுதான் நாம் பிழைக்கிறோம். கேட்டுவிட்டு, அது மாட்டேன் என்று சொன்ன பிறகு, அந்தப் பதிலை மாற்றி எழுதிக்கொண்டு கொல்கிறது வேறு. முன்னதற்கு மன்னிப்பு உண்டா என்று எனக்குத் தெரியாது. பின்னதற்கு இல்லை என்று தெரியும்.

வேலுவைப் பற்றிக் கேட்டாய். அவர் மறுநாள் காலையிலேயே வந்தார். பின்வாசலில், கிடாயைக் கட்டுகிற முளைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "மைனி, அண்ணன் கண்ணக் காட்டுனாவ, நான் ஊத்துனேன். காட்டுனது அவுகன்னாலும் ஊத்துனது எங்கைதான். பாவம் எனக்குத்தான்" என்று சொல்லி, அந்த முரட்டு மனுஷன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் ஒரு டம்ளர் காப்பி கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார். அன்றைக்கே எனக்கு அவர்மேல் இருந்தது தீர்ந்துவிட்டது. நான் அவர் வீட்டுக்குப் போகாததற்குக் காரணம் வேறே. போனால் அவர் பெண்டாட்டி செண்பகம் தோண்டித் தோண்டிக் கேட்பாள், நான் உண்மையைச் சொல்லிவிடுவேன். அண்ணன் பேர் கெட்டுவிடக் கூடாது என்று அவர் என்னிடம் கெஞ்சியிருந்தார். இப்போது எழுதிவிட்டேன், அந்தப் பயமும் போயிற்று. காதுகுத்துக்கு முதல் ஆளாக வர வேண்டும் என்று நேற்றே அவருக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். ஆக, நீ கேட்ட மன்னிப்பு ஆயிற்று. பரமசிவத்தின் மேலும் எனக்குக் கோபமில்லை, உத்தரவு என்ற சத்தம் கேட்டால் வெட்டுகிறது அவர் வேலை. உன்மேலும் இல்லை. நீ சிரித்தாய், அது உன் குற்றம், ஆனால் நீ தண்ணீரைப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் உன் அப்பா குளித்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். நான் பரிமாறிக்கொண்டே கேட்டேன். "நெசமாவே சாமிதான் பேசிச்சா?" அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "எனக்கு என்னட்டி தெரியும்? சாமி வந்துட்டா எனக்கு ஒண்ணும் தெரியாதுல்லா. நீங்க சொல்லித்தான எனக்கே தெரியும்" என்றார். பிறகு, "இன்னும் ரெண்டு எலும்பு போடு" என்றார்.

அவர் சாமியாடுகிறதைக் கல்யாணமான வருஷத்திலிருந்து பார்க்கிறேன். நிஜமாகச் சாமி வந்தால் அந்தக் கண் கண்ணாடிபோல இருக்கும், இமைக்காது, ஆளைப் பார்க்காது. நெருப்பை மிதித்தாலும் தெரியாது. வந்திருக்கிறது, நான் இல்லை என்று சொல்ல மாட்டேன், அந்த நாட்களில் நானே அந்தக் காலைத் தொட்டுக் கும்பிட்டிருக்கிறேன். அன்றைக்கு அவர் தம்பிக்குக் கண்ணைக் காட்டியதை நான் பார்த்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்தது. என் கண்ணைப் பார்த்தார், உடனே கீழே பார்த்தார். சாமி எந்தப் பொம்பளைக்கும் தலையைக் கவிழ்த்துக்கொள்ளாது. கிடா விழுந்தபோது இன்னொன்றும் செய்தார். புது வேட்டியில் ரத்தம் தெறிக்காதபடி ஒரு எட்டு ஒதுங்கி நின்றார். ஒன்றும் தெரியாதவருக்கு வேட்டி மட்டும் தெரிந்திருக்கிறது. அப்படிச் சுயநினைவோடு நின்றுகொண்டுதான், உன் உயிரை எடுத்துக்கொள்ளட்டுமா என்று உன்னைப் பெற்றவளிடம் கேட்டிருக்கிறார். உலை வற்றுகிறதே, வந்த சனத்தின் முன்னால் மானம் போகிறதே என்பதற்காகக் கேட்டிருக்கிறார்.

நீ ஆட்டுக்கு ஒன்றும் தெரியாது என்கிறாய். அவர் தனக்கு ஒன்றும் தெரியாது என்கிறார். ஆடு ஒரு நாளும் அப்படிச் சொல்லித் தப்பித்ததில்லை. அது கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு, அந்தப் பதிலோடேயே நின்றது. இரண்டில் எது நியாயம் தெரிந்த பிறவி என்று நீயே பார்த்துக்கொள்.

அன்றிலிருந்து இன்றுவரை நான் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வேலுவிடம் நான் பேசவில்லை என்று ஊரெல்லாம் தெரிகிறது. உன் அப்பாவிடம் பேசவில்லை என்று ஒருவருக்கும் தெரியவில்லை, நீ வந்து தங்கியிருந்த நாட்களில் உனக்கும் தெரியவில்லை. சோறு எடுத்து வைத்திருக்கிறது என்று சுவரைப் பார்த்துச் சொல்வேன். மாத்திரையை எடுத்து நாற்காலிப் பக்கம் வைப்பேன். அவரும் குறை சொன்னதில்லை. அவருக்கே தெரியுமோ தெரியாதோ.

குட்டி வந்து இறங்கிவிட்டது. வெள்ளையும் கறுப்புமாக இருக்கிறது. வளர்ப்பேன், ஆனால் எந்தச் சாமிக்கும் வளர்க்க மாட்டேன். காதுகுத்துக்கு ஆட்டுக்கறி வேண்டுமானால் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். நீயும் ஒன்று கேட்டுக்கொள். உன் பட்டாளத்திலும் உத்தரவு என்ற சொல்தான் எல்லாம். நாளைக்கு உன் கைக்குக் கீழே பத்துப் பேர் நிற்பார்கள், உன் வீட்டில் உன் பெண்டாட்டி நிற்பாள், நிலா வளர்ந்து கல்யாணத்துக்கு நிற்பாள். அவர்களிடம் ஒன்றைக் கேட்கிறதாக இருந்தால், மாட்டேன் என்ற பதிலுக்கும் இடம் வைத்துக்கொண்டு கேள். அந்த மனசு இல்லையென்றால் கேட்காதே. கேட்டுவிட்டு ஒருவர் காதிலும் தண்ணீர் ஊற்றாதே.

இதைப் படித்துவிட்டு, அப்பாவை இப்படி எழுதிவிட்டாளே என்று நீ வராமல் இருந்தாலும் இருப்பாய். நிலாவின் காதில் தோடு ஏறுகிறதை நான் பார்க்க முடியாமல் போகலாம். அதற்கும் துணிந்துதான் எழுதுகிறேன். நான் இல்லாமல் போன பிற்பாடு, அம்மா ஒரு ஆட்டுக்காகக் கொழுந்தனோடு பகை வைத்துச் செத்தாள் என்று நீ உன் மகளுக்குச் சொல்லக் கூடாது.

ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் வீட்டுக்காரர் பேர் கேட்டால், பக்கத்தில் நிற்கிறவர்களைச் சொல்லச் சொல்வேன். அதே பேர் என்பதால் குலசாமியைக்கூட நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, சாமி என்று மட்டும்தான் சொல்வேன். இப்போது எழுதுகிறேன், சாமியை எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. எனக்குத் தாலி கட்டின மனுஷன், உன் அப்பா, மாடசாமி.